ரெண்டே சீட், மேலே வானம்: பழைய சான் ஸ்டார்ம் வாங்கி மதுரை நம்பர் போடுவது எப்படி

துணிக்கூரையைத் திறந்து ஓட்டும் ரெண்டு சீட் காரான என் சான் ஸ்டார்முக்கு டிஎன் 58 நம்பர் பிளேட் மாட்டி மூன்று மாசம் ஆகிறது. அட்வான்ஸ் கொடுத்த நாளுக்கும் அந்தப் பிளேட்டை மாட்டிய நாளுக்கும் நடுவில் ஏழு மாசம் ஓடியது. அதில் நாலு மாசத்தை ஒரே ஒரு எழுத்து விழுங்கியது. உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆயில் பார்ப்பது, கிளட்ச் பார்ப்பது எல்லாம் எந்தப் பழைய காருக்கும் பொதுதான், அவற்றை விட்டுவிடுகிறேன். திறந்த ரெண்டு சீட் காருக்கு மட்டும் தனியாகப் பார்க்க வேண்டியவை கீழே.

முதலில், எந்த கார்?

கைக்கு எட்டும் விலையில் ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கும் ரெண்டு சீட் கார், என்றால் உலகம் முழுக்க 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5-ஐத்தான் சொல்வார்கள். மாஸ்டா அதை இந்தியாவில் விற்கவே இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழையதான காரை இறக்குமதி செய்ய விதியும் இடம் கொடுக்காது. யாராவது "ஒரு பழைய எம்எக்ஸ்-5 கைவசம் இருக்கு" என்றால், அது கார்னே எனப்படும் தற்காலிக அனுமதியில் வந்ததா என்று கேளுங்கள். அப்படி வந்த வண்டி ஒருநாள் நாட்டை விட்டுத் திரும்பிப் போக வேண்டியது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் உங்கள் பெயருக்கு மாறாது.

பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே இரண்டும் பழைய கார் சந்தையில் ஆசை காட்டும் விலைக்கு வந்துவிட்டன. ஆனால் மடங்கும் கெட்டிக் கூரையும், அதன் ஹைட்ராலிக் பம்பும், சென்சார்களும் பழுதானால் செலவு புதுக் கார் கணக்கில்தான் வரும். முதல் ரோட்ஸ்டராக இவை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மிச்சம் இருப்பது நம் நாட்டிலேயே செய்த சான் ஸ்டார்ம். பெங்களூருவின் சான் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்தது. ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன், முன்சக்கர இழுப்பு, ஃபைபர் பாடி, துணிக்கூரை. செய்ததே கொஞ்சம்தான், அதனால் விற்பனைக்கு வருவதும் அபூர்வம். 60 குதிரைத்திறன் போதுமா என்று கேட்காதவர்கள் இல்லை. கூரையைத் திறந்து அழகர்கோவில் ரோட்டில் காலை ஆறு மணிக்கு ஒருமுறை போய்வந்தால் அந்தக் கேள்வியே வராது.

படி 1: காரைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

விற்பவரிடம் போட்டோ கேட்பதற்கு முன் வண்டி நம்பரை வாங்கி, அரசின் வண்டிப் பதிவு விவரம் காட்டும் எம்பரிவாகன் ஆப்பில் போடுங்கள். தகவல் வந்தால் நல்லது. வரவில்லை என்றால் பழைய புத்தக ஆர்சி இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்று அர்த்தம். அதை ஏற்றுவதற்கு பேக்லாக் என்ட்ரி என்பார்கள். வண்டி பதிவான ஆர்டிஓ ஆபீஸில்தான் அதைச் செய்ய முடியும், விற்பவர்தான் செய்ய வேண்டும். "நீங்க காசு கொடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அந்த இடத்திலேயே நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த உபயோக கார்களுக்குப் பதிவு 15 வருஷம்தான். அதற்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-இல் அதை இரட்டிப்பாக்கினார்கள். ஸ்டார்ம்களில் பல இந்த வயசில்தான் இருக்கின்றன. புதுப்பிக்கும் வேலையும் செலவும் விற்பவருடையது என்று முதல் போனிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

படி 2: சேசிஸ் நம்பர். நான் மாட்டிக்கொண்ட இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். சேசிஸ் நம்பர் என்பது வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் அடையாள எண்.

நான் வாங்கிய வண்டி கர்நாடகப் பதிவு. விற்றவர் நல்ல மனுஷர், ஆர்சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். ஆர்சியில் இருந்த சேசிஸ் நம்பரும் இன்ஷூரன்ஸில் இருந்த சேசிஸ் நம்பரும் ஒன்றாக இருந்தன. அதோடு நான் திருப்திப்பட்டுவிட்டேன். வண்டியில் அடித்திருந்த நம்பரை மட்டும் படிக்கவில்லை. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று, அதாவது பாரம் 28, கைக்கு வந்து, வண்டியும் மதுரை வந்து, இங்கே ஆபீஸில் பென்சில் பிரிண்ட் (நம்பரின் மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரதி) எடுத்தபோதுதான் தெரிந்தது: ஆர்சியில் 8 என்று இருக்கும் இடத்தில் இரும்பில் பி (B) என்ற ஆங்கில எழுத்து இருந்தது. கையால் எழுதிய புத்தகத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது யாரோ மாற்றிப் படித்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஆர்சியைப் பார்த்து அதையே எழுதிவிட்டார்கள். இரண்டு காகிதமும் ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அப்புறம் என்ன, பாரம் 28-ஐத் திருப்பிக் கொடுத்து ரத்து செய்து, விற்றவர் தன் ஊர் ஆபீஸில் பழைய புத்தகத்தைக் காட்டித் திருத்தி, மறுபடி விண்ணப்பித்து, போலீஸ் பதிவில் திருட்டு வண்டி இல்லை என்ற சரிபார்ப்பு மறுபடி நடந்து... நாலு மாசம். அத்தனை நாளும் கார் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

ஆகவே பிரிண்டை நீங்களே முதல் நாளில் எடுங்கள். நம்பர் இருக்கும் இடம் எது என்று விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். ஃபைபரில் ஒட்டிய தகட்டைக் காட்டினால் அது போதாது, இரும்புச் சட்டத்தில் அடித்த நம்பர்தான் வேண்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். டிரேசிங் பேப்பரை மேலே வைத்து நாலு ஓரத்திலும் செல்லோடேப் ஒட்டுங்கள். பேப்பர் ஒரு நூல் நகர்ந்தாலும் 3 கூட 8 மாதிரி விழும். பென்சிலைக் கூர் முனையால் தேய்க்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். எச்பி பென்சில் வேண்டாம், கோடு மங்கலாக வரும். 4பி (4B) வாங்குங்கள். எழுத்து கறுப்பின் நடுவில் வெள்ளையாக எழும்பி வரும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். பத்துப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு பாரங்களில் ஒட்டவும் ஆகும்.

துரு இருக்கிறதே என்று எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். நம்பரைச் சுற்றிப் புதுக் கீறல் இருந்தால் யாரோ நம்பரை மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் ஆய்வாளர் நினைப்பார். அது எழுத்துப் பிழையை விடப் பெரிய தலைவலி.

படி 3: பாடி பளபளக்கும், சட்டத்தைப் பாருங்கள்

ஃபைபர் துருப்பிடிக்காது. அதனாலேயே ஏமாற்றும். மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருக்க, உள்ளே இரும்புச் சட்டம் அரித்துக்கொண்டிருக்கலாம். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைப் பெங்களூரு வரை கூட்டிக்கொண்டு போனேன். அவர் காரின் மேல்பக்கத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. "தம்பி, இத மொதல்ல வாட்டர் சர்வீஸ் கடைக்கு ஓட்டு, லிஃப்ட்ல ஏத்திப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார். தரையில் ஜாக்கி வைத்துப் பார்ப்பதை விட இதுதான் சரி. வண்டி தாழ்வானது, ஜாக்கி வைத்தால் தலையைக்கூட உள்ளே விட முடியாது.

கையில் இரண்டே பொருள் போதும்: தலையில் மாட்டும் டார்ச், முனை மழுங்கிய பழைய ஸ்க்ரூடிரைவர். போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் குத்திப் பார்ப்பது நடக்காத காரியம். சஸ்பென்ஷன் சட்டத்தில் சேரும் இடங்கள், சீட்டுக்கு அடியில் தரை சேரும் ஓரங்கள், பின்பக்க மூலைகள் இவற்றில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். டங் என்று இரும்புச் சத்தம் வர வேண்டும். பொத்தென்று சத்தம் வந்து செதில் உதிர்ந்தால் விலை பேசவே வேண்டாம்.

பாடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். அவை பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றுவிடும். அடிபட்ட இடத்தில் உள்பக்கம் தடவினால் தடிமன் மாறும், புதுசாக ஃபைபர் பாய் (இழை விரிப்பு) ஒட்டிய சொரசொரப்பு தெரியும். அங்கே மட்டும் நன்றாகப் பாருங்கள். ஃபைபர் வேலைக்கு எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள். ராமநாதபுரம் கடற்கரையில் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களுக்கு இது தினசரி வேலை. என் வண்டியின் முன் பம்பரை அப்படி ஒருவர்தான் ஒரே நாளில் சரிசெய்தார். கார் பட்டறைகளில் சிலர் விரிசலின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பார்கள், ஒரு வெயில் காலத்தில் மறுபடி பிளக்கும்.

படி 4: கூரை

வறண்ட நாளில் பார்த்துவிட்டு வராதீர்கள். அதே வாட்டர் சர்வீஸ் கடையில் கூரையை மூடி, நீங்கள் உள்ளே உட்கார்ந்து, வெளியே இருந்து பத்து நிமிஷம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். ஹை பிரஷர் கன் வேண்டாம், சாதாரண குழாய் போதும். மழை அப்படித்தான் பெய்யும். கண்ணாடியும் துணியும் சேரும் மூலையில் ஒன்றிரண்டு சொட்டு வருவது சகஜம். கால் வைக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பழைய புழுக்க நாற்றம் இருந்தால் பல மழைக்காலமாக ஒழுகுகிறது.

பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக்காக இருந்தால் நம் ஊர் வெயிலில் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக வெடிக்கும். அதை ஒரு பேரம் பேசும் காரணமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சீட் கவர் தைப்பவர் புதுசாகத் தைத்துவிடுவார்.

படி 5: எஞ்சின்

இது எளிதான பகுதி. எஞ்சின் ரெனோ ட்விங்கோவிலும் கிளியோவிலும் ஓடியது, சிக்கலானதல்ல. டைமிங் பெல்ட்டை மட்டும் கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்மியாக ஓடிய வண்டி என்றாலும் ரப்பருக்கு வயசாகிவிடும். மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டரையும் பாருங்கள். எண் எவ்வளவு என்பதை விட நாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

படி 6: பணமும் பயணமும்

அட்வான்ஸ் சின்னதாக, எழுதி வாங்கிக்கொண்டு. மீதி, பாரம் 28 கைக்கு வந்து அதில் உள்ள சேசிஸ் நம்பர் உங்கள் பென்சில் பிரிண்டோடு ஒத்துப்போன பிறகு, வங்கி வழியாக. பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தைக் கூடுதல் நகல்களில் வாங்கிவிடுங்கள். ஒரு கையெழுத்துக்காக மறுபடி பெங்களூரு பஸ் ஏற வேண்டாம்.

ஓட்டிக்கொண்டு வர ஆசையாகத்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம் செய்தது. அப்படிப்பட்ட டயரும், வருஷக்கணக்கில் மாற்றாத பிரேக் ஆயிலுமாகத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவில் இறங்க வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூடானால் பெடல் அமுங்கிப்போகும். நான் லாரியில்தான் ஏற்றி வந்தேன்.

படி 7: தமிழ்நாட்டு நம்பர்

உங்கள் முகவரி எந்த ஆபீஸுக்குள் வருகிறதோ அங்கே போங்கள்: மதுரை தெற்கு 58, வடக்கு 59, மத்தி 64. எடுத்துப் போக வேண்டியவை: புது நம்பர் கேட்கும் பாரம் 27, பாரம் 29, 30, வெளிமாநில பாரம் 28, ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று. இங்கே ஆயுள் வரி தனியாகக் கட்ட வேண்டும். வண்டியின் விலையையும் வயசையும் வைத்துக் கணக்கிடுவார்கள், பழைய வண்டி என்பதால் பசுமை வரியும் உண்டு. வண்டி விலை பேசும்போதே இதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் 1000-க்கும் 1500 சிசிக்கும் இடைப்பட்ட கார்களுக்கு 2022-இல் நிர்ணயித்த பிரீமியம் 3,416 ரூபாய், வரி தனி.

நம்பர் வந்த அன்றைக்கு நேராகப் பாண்டி கோவிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, நத்தம் ரோடு மேம்பாலத்தில் கூரையைத் திறந்து ஏறினேன். ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஸ்பீட் பிரேக்கர் இல்லாத ரோடு. அடிவயிறு தாழ்ந்த இந்தக் காருக்கு மதுரைக்குள் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எழுதிய பிறகு சேர்த்தவை

திண்டுக்கல்லில் இருந்து ஒருவர், தான் பார்த்த வண்டியில் 20 வருஷம் முன்பு கட்டி முடித்த கடன் இன்னும் ஆர்சியில் இருப்பதாக எழுதினார். கடன் முடிந்தாலும் அது தானாக நீங்காது. பாரம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். கடன் கொடுத்த வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியில் கேட்க வேண்டும். இதுவும் விற்பவர் வேலை, பாரம் 28-க்கு முன்னால் முடிய வேண்டிய வேலை.

இன்னொருவர் பென்சில் பிரிண்ட் விழவே இல்லை என்றார். போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்தேன்: நம்பரின் மேல் அடிப்பாகத்துக்குப் பூசும் கறுப்பு ரப்பர் பூச்சு தடிமனாக இருந்தது. அதைச் சுரண்ட வேண்டாம். தின்னர் நனைத்த பஞ்சை அரை மணி நேரம் மேலே ஒட்டி வைத்தால் இளகும், அப்புறம் துணியால் துடைத்தாலே வந்துவிடும். பக்கத்தில் ஃபைபர் இருந்தால் அதன்மேல் தின்னர் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். மறுநாள் அவருக்கு எல்லா எழுத்தும் தெளிவாக விழுந்தது, ஆர்சியோடும் ஒத்துப்போனது.