மறுநாள் காலை லேபுக்கு ஓடுகிறவர்கள் விட்டுவிடும் ஊசி

சனிக்கிழமை இரவு ஒருவரோடு உறவு. ஆணுறை இல்லை, அல்லது இருந்தும் கிழிந்துவிட்டது. ஞாயிறு முழுக்கத் தூக்கமில்லை. திங்கள் காலை வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நிற்கிறார். "எச்ஐவி, மஞ்சள் காமாலை, எல்லாத்துக்கும் பாத்துடுங்க" என்கிறார். மாலையில் எல்லாமே நெகட்டிவ் என்று சீட்டு வருகிறது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்.

அந்தச் சீட்டு சனிக்கிழமையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கல்லீரலைத் தாக்கிக் காமாலையை வரவைக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்குள் போனபிறகு, அதன் மேலுறைப் புரதம் ரத்தத்தில் தெரியவே சராசரியாக நான்கு வாரம் ஆகும். சிலருக்கு ஒன்பது வாரம் வரை இழுக்கும். லேப் சீட்டில் 'ஹெச்பிஎஸ்ஏஜி' என்று அச்சாகியிருப்பது இந்தப் புரதம்தான். கண் மஞ்சளாவதென்றால் இன்னும் தாமதம், ஏறக்குறைய மூன்று மாதம். திங்கட்கிழமை நெகட்டிவ் வந்தால், அதற்கு முந்தைய மாதங்களில் தொற்று ஏற்பட்டதற்கான அடையாளம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பின்னால் எடுக்கப்போகும் பரிசோதனையோடு ஒப்பிட அது உதவும், அவ்வளவுதான்.

நாய் கடித்தவர் ரேபிஸ் வந்துவிட்டதா என்று டெஸ்ட் எடுக்கப் போவதில்லை. ஊசி போடத்தான் ஓடுகிறார். ஹெபடைடிஸ் பி-யிலும் கணக்கு அதேதான். தடுப்பூசி போடாதவர் உறவுக்குப் பின் முதல் 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸைப் போட்டுக்கொள்வது நல்லது. தாமதமாக ஆகப் பலன் குறையும். ஆனாலும் பாலுறவு வழியாக நேர்ந்ததென்றால் 14 நாள் வரை போடுவதில் அர்த்தமிருக்கிறது. மேலே சொன்ன மனிதருக்குத் திங்கள் காலையில்கூட வாய்ப்பு கைநழுவவில்லை. ஊசிக்குப் போக வேண்டியவர் லேபுக்குப் போய்விட்டார், அதுதான் பிழை.

எதிரில் இருந்தவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது உறுதியாகத் தெரிந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் தேவைப்படும். தடுப்பூசி நம் உடம்புக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கும், அதற்கு நாளாகும். இம்யூனோகுளோபுலின் வேறொருவர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பை உடனே இரவல் தருகிறது. விலை அதிகம், சின்ன மருந்துக்கடையில் எதிர்பார்க்க முடியாது. பெரிய மருத்துவமனையில்தான் கேட்க வேண்டும். அங்கே போகும்போதே எச்ஐவி தடுப்பு மாத்திரையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

"எனக்கெல்லாம் சின்ன வயசுலயே போட்டாச்சு" என்பார்கள். போலியோ சொட்டு மருந்தும் முத்தடுப்பு ஊசியும் போட்டதை வைத்துச் சொல்கிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசி இந்திய அரசின் குழந்தைகள் திட்டத்தில் 2002-ஐ ஒட்டிச் சில இடங்களில் சோதனையாகத்தான் நுழைந்தது. நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது 2011-இல். ஆகவே இன்று முப்பதைத் தாண்டிய ஒருவர், தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால் ஒழிய, போடாதவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். எப்போதோ ஒரு டோஸ் போட்டுவிட்டு நிறுத்தியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூன்று டோஸையும் முடித்து, உடம்பில் உள்ள எதிர்ப்பைக் காட்டும் 'ஆன்டி-ஹெச்பிஎஸ்' அளவு 10 அல்லது அதற்கு மேல் என்று ஒருமுறை சீட்டில் பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இந்தச் சீட்டுகளைப் படிப்பதில் நடக்கும் குழப்பம் தனிக்கதை. ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் கிருமி இருக்கிறது. ஆன்டி-ஹெச்பிஎஸ் பாசிட்டிவ் என்றால் எதிர்ப்பு இருக்கிறது, சந்தோஷப்பட வேண்டிய செய்தி. இரண்டுக்கும் நடுவே 'ஆன்டி' என்ற ஒரு சொல்தான். அதைக் கவனிக்காமல் இரவெல்லாம் அழுகிறவர்கள் உண்டு. வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் வந்தால் விசாவே போய்விடும் என்பதால் 'பாசிட்டிவ்' என்ற சொல்லே நம் ஊரில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். இன்னொரு தவறு, எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் பரிசோதனை எடுத்து, கண்ணை மஞ்சளாக்கும் பிலிரூபின் சரியாக இருந்தால் கிருமி இல்லை என்று முடிவுகட்டுவது. அந்தப் பரிசோதனை கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும், கிருமியைத் தேடாது. கிருமியைச் சுமக்கும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் கண்ணும் மஞ்சளாகாது, பசியும் குறையாது. ஆளைப் பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரிந்தார் என்பதற்கும் இங்கே மதிப்பில்லை.

அடுத்தது கீழாநெல்லி. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், தெரியும். ஆனால் இதற்கு ஒரு சென்னைக் கதை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி கிருமியை 1960-களில் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க், சென்னை ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனின் குழுவோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். கிருமியை நெடுநாள் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து ஹெச்பிஎஸ்ஏஜி மறைந்தது என்று 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த முதல் ஆய்வேகூட ஏற்கெனவே தொற்று உள்ளவர்களைப் பற்றியது. நேற்று நடந்த உறவுக்கு இன்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் தொற்று வராது என்று அதில் யாரும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ஹெபடைடிஸ் பி வந்தாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் தானாகவே குணமாகிவிடும். எதைக் குடித்தவரும் அதனால்தான் குணமானது என்று சத்தியம் செய்வார், பாவம், பொய் சொல்லவும் இல்லை. காமாலைக்குக் கையில் சூடு போடுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, உறவுக்குப் பின் உடனே சாப்பிடும் மாத்திரையும் இல்லை. ஆனால் ஆண்-பெண் உறவில் அது பரவுவது அரிது. அது பெரும்பாலும் ரத்தத்தின் வழி போகிறது: பகிர்ந்த ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் கருவி. ஆணும் ஆணும் கொள்ளும் குதவழி உறவில், அதிலும் ஒருவருக்கு எச்ஐவி இருந்தால், ஆபத்து கூடும். கிருமியின் மரபுப்பொருளையே தேடும் ஆர்.என்.ஏ. பரிசோதனையில் சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். தெரிந்தால் 12 வார மாத்திரையில் பெரும்பாலும் முழுக்க குணமாகும். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். ஹெபடைடிஸ் ஏ மலத்தின் வழி பரவுவது, ஆசனவாயில் வாய் வைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் இரண்டு வாரத்துக்குள் போட ஊசி உண்டு. ஆணுறை போட்டபின் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், லேட்டெக்ஸ் எண்ணெயில் இற்றுப்போகும்.

பலர் செய்யும் பெரிய தவறு வீட்டில் நடக்கிறது. சந்தேகம் வரக்கூடாதென்று அடுத்த வாரமே மனைவியோடு எதுவும் நடக்காததுபோல் ஆணுறை இல்லாமல் சேர்வது. கடைசிப் பரிசோதனை முடியும்வரை ஆணுறை வேண்டும், ரத்ததானம் கூடாது. மனைவி கர்ப்பமாக இருந்தால் பேசாமலிருக்க முடியாது, கஷ்டமாக இருந்தாலும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். பெரியவர்களைப் போலல்லாமல், பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஹெபடைடிஸ் பி வாழ்நாள் நோயாகிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஊசி அதைப் பெருமளவு தடுக்கும். மறுபக்கம், தனித்தட்டும் தனி டம்ளரும் வைத்துக்கொண்டு தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்கிறவர்களும் உண்டு. சேர்ந்து சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. சவரக்கத்தியையும் பல்துலக்கும் பிரஷையும் மட்டும் தனியாக வைத்தால் போதும். அந்தக் கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடிருக்கும்.

முதல் ஊசி போட்டவர்களில் பலர் இரண்டாவதற்குப் போவார்கள், மூன்றாவதை மறந்துவிடுவார்கள். பயம் அதற்குள் தணிந்திருக்கும். முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்பது கணக்கு. ஹெபடைடிஸ் பி-க்கான கடைசி ரத்தப் பரிசோதனையும் அதே ஆறாவது மாதத்தில்தான் வருகிறது, ஒரே நடையில் இரண்டையும் முடிக்கலாம். தடுப்பூசியில் இருப்பதும் அந்த மேலுறைப் புரதம்தான் என்பதால், போட்ட சில நாள்களுக்கு ஹெச்பிஎஸ்ஏஜி பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். அன்றைக்கு ரத்தத்தை முதலில் கொடுத்துவிட்டு ஊசியைப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.