மாசியில் தொடங்கி ஐப்பசிக்குள்: பால், மீன் இல்லாத வீட்டுக்கு மூன்று மாதச் சாப்பாட்டுக் கையிருப்பு

வெள்ள நேரத்தில் வருகிற நிவாரணப் பொதியைப் பிரித்தால் அரிசி, பருப்பு, சீனி, தேயிலை இருக்கும். அநேகமாக ரின்மீனும் பால்மாவும் இருக்கும். ரின்மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பொதியில் புரதத்துக்கென்று வைத்ததே பெரும்பாலும் அந்த இரண்டையும்தான். அவை போனால் மிஞ்சுவது சோறும், ஒரு கிலோப் பருப்பும், வெறும் தேத்தண்ணியும். எங்கள் வீட்டில் மச்சம் எப்போதோ நின்றுவிட்டது. சில வருசமாகப் பால், தயிர், நெய்யும் இல்லை. எங்களைப் போன்ற வீடுகள் தங்கள் இருப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

வன்னி ஆட்களுக்குச் சேமிப்பின் அருமையைச் சொல்லப் போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. 90களில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். 2009இல் அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியில் உயிரைப் பிடித்து வைத்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். பிறகு 2018 மார்கழி வெள்ளம், 2022இன் விலையேற்றம். இருந்தும், வீட்டுக்குப் பக்கத்தில் கடை வந்த பிறகு நெல் வைக்கிற கொம்பறையும் போனது, காயவைக்கிற பழக்கமும் போனது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. முதல் முறை 10 கிலோக் கௌபியை வண்டு மாவாக்க விட்டுத்தான் படித்தேன்.

முதலில் கணக்கு

அவசர காலத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2100 கலோரி என்று நிவாரணப் பணியில் கணக்கிடுவது வழக்கம். அதைத் தாவர உணவுக்கு மாற்றினால் இப்படி வரும்: அரிசி 400 கிராம், பருப்பு பயறு வகை 100 கிராம், எண்ணெய் 25 கிராம், சீனி அல்லது பனங்கட்டி 20 கிராம். புரதம் 50 கிராமளவில் கிடைக்கும். அரிசியில் குறைவான லைசின் என்ற புரதக்கூறு பயறில் இருக்கிறது. பயறில் குறைவான மெதியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும், புட்டும் பயறும் என்று நாங்கள் சேர்த்துச் சாப்பிடுவது அதனால்தான் சரியாக வருகிறது. இரண்டும் ஒரே கோப்பையில் விழவேண்டும் என்றில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு: அரிசி 144 கிலோ, பயறு வகை 36 கிலோ, எண்ணெய் 10 லீற்றர், சீனி 7 கிலோ, உப்பு 3 கிலோ. பார்க்க மலைப்பாக இருக்கும். ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதலில் இரண்டு கிழமைக்கு, பிறகு ஒரு மாதத்துக்கு, பிறகுதான் மூன்று. கடன்பட்டு வாங்குகிற கையிருப்பு கையிருப்பே இல்லை.

இன்னொன்று: வழக்கமாகச் சாப்பிடாத எதையும் வாங்காதீர்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் இருபத்தைந்து வருசம் கெடாது என்று காட்டுகிற பொதி செய்த சாப்பாடு எங்களுக்குத் தேவையில்லை. வன்னியில் நெல் மாசியில் புதிதாக வரும், அடுத்த மாசியில் திரும்பவும் வரும். எங்கள் இருப்பு ஒரு வருசம் தாங்கினால் போதும். அந்த ஒரு வருசத்தில் மோசமான பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலம். அதனால் வேலையை மாசி, பங்குனி வெயிலில் தொடங்கி, ஐப்பசி முதல் மழைக்கு முன் முடித்துவிட வேண்டும்.

அரிசியை நெல்லாக வையுங்கள்

சிவப்பரிசியின் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. குத்திய பிறகு அந்த எண்ணெய் காறத் தொடங்கும். ஆறு மாதத்துக்குள் வாசம் மாறிவிடும். உமிக்குள் இருக்கும் வரை அந்தத் தொல்லை குறைவு. எனவே முடிந்தவர்கள் நெல்லாக வாங்கி வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மில்லில் குத்துங்கள். 144 கிலோ அரிசிக்கு 220 கிலோ நெல்லளவு வேண்டும். மழைக்காலத்தில் மில் ஓடாது, பாதை இராது என்பதால் ஐப்பசித் தொடக்கத்தில் கடைசித் தடவை குத்தி, மூன்று மாத அரிசியையும் பரலில் அடைத்துவிடுங்கள். நெல் வைக்க இடமில்லாதவர்கள் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசி வாங்கலாம். சத்துக் குறைவு, ஆனால் நீண்ட நாள் நிற்கும்.

அரிசிக் கணக்கில் 10 கிலோவைக் குறைத்து அந்த இடத்தில் குரக்கன் வையுங்கள். பூச்சி எளிதில் தொடாது. ஒழுங்காகக் காய்ந்தால் வருசக்கணக்கில் கிடக்கும். பால் குடிக்காதவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 100 கிராம் குரக்கனில் 340 மில்லி கிராமளவு கல்சியம் இருக்கிறது. மாவாக அல்ல, மணியாக வைக்க வேண்டும்.

காய்ந்ததா என்று பார்ப்பது

இந்த வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கடையில் வாங்கிய பயறு தொட்டுப் பார்க்கக் காய்ந்ததுபோல் இருக்கும். அது போதாது. நெல்லில் ஈரம் 13 சதவீதத்தளவில், பயறில் 12க்குக் கீழே இருக்க வேண்டும். அளக்கிற கருவி யார் வீட்டில் இருக்கிறது? அம்மம்மாவுக்குப் பல்தான் கருவி. "கடிச்சுப் பார் பிள்ளை, டக்கெண்டு உடைஞ்சாத்தான் காய்ஞ்சது, அமுங்கினா இன்னும் ரெண்டு வெயில் காட்டு" என்பார்.

பல்லை நம்பாதவர்களுக்கு ஒரு ஜாம் போத்தல் போதும். ஒரு கை உப்பைச் சட்டியில் வறுத்து ஆறவிடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்திய கண்ணாடிப் போத்தலில் அந்த உப்பைப் போட்டு, அதைப்போல மூன்று நாலு மடங்கு நெல்லோ பயறோ போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கள். உப்புத் தூள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேலே. ஒட்டாமல் கீழே விழுந்தால் அதற்குக் கீழே. ஒட்டவில்லை என்ற பிறகும் நான் இன்னொரு நாள் வெயிலில் போடுவேன்.

காய்ந்ததைச் சூட்டோடு அடைத்துவிடாதீர்கள். பின்னேரம் தறப்பாளோடு சேர்த்து உள்ளே இழுத்து, இரவு ஆறவிட்டு, காலமை அடையுங்கள். சூடாக மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, மேல் அடுக்கு பூஞ்சணம் பிடிக்கும்.

பயறு வகை: என் கௌபிக் கதை

அந்த வருசம் கௌபியைச் சாக்கோடு வாங்கி, வேப்பிலை போட்டு, பிளாஸ்ரிக் வாளியில் மூடி வைத்தேன். இரண்டு மாதம் கழித்து வாளிக்குப் பக்கத்தில் நின்றபோது உள்ளே மெல்லிய சரசரப்பு. திறந்தால் ஒவ்வொரு மணியிலும் ஊசியால் குத்தியதுபோல் வட்ட ஓட்டை, அடியில் மஞ்சள் மா, மேலே கபில நிற வண்டுகள். வேப்பிலை வெளியிலிருந்து வருவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. வண்டு வயலிலேயே காயில் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. கௌபியை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பினால் தோலில் ஒட்டிய சின்ன வெள்ளைப் புள்ளிகள் தெரியும், அவைதான் முட்டை. எங்கள் வெப்பத்துக்கு ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறை வளர்ந்து வரும்.

இப்போது செய்வது இது. பங்குனி, சித்திரையில் மத்தியானம் 11 மணிக்குக் கறுப்புப் பொலித்தீனை வைக்கோல் மேல் விரித்து, கௌபியையோ பயறையோ ஒரு விரல் கனத்துக்குமேல் போகாமல் பரப்பி, மேலே தெளிவான பொலித்தீனால் மூடி, ஓரத்தில் கல் வைத்துவிடுவேன். உள்ளே 60 பாகைக்கு மேல் சூடேறும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். விதைக்கு வைத்திருப்பதை இப்படிப் போட வேண்டாம்.

36 கிலோவை நான் பிரிக்கிற விதம்: பயறு 12, மைசூர்ப்பருப்பு 10, உழுந்து 6, கௌபியும் கடலையும் 5, சோயா மீற் 3. பயறும் மைசூர்ப்பருப்பும் கூட இருப்பதற்குக் காரணம் விறகு. கடலை வேகிற நேரத்தில் பருப்பு மூன்று தரம் வேகும். உழுந்தை உடைத்து வாங்குங்கள், வண்டு முழு மணியைத்தான் விரும்பும். சோயா மீற் பைக்கற்றைத் திருப்பி வாசியுங்கள். சிலவற்றில் சுவைக்காகப் பால் அல்லது முட்டைப் பொருள் சேர்ந்திருக்கும்.

முல்லைத்தீவுப் பக்கத்துக் கச்சானும் 5 கிலோ வைக்கலாம், கோதோடு. உடைத்துப் பார்க்கும்போது பூஞ்சணம், கறுப்பு, கசப்பு இருந்தால் எறிந்துவிடுங்கள். அதிலிருக்கும் அஃப்ளடொக்சின் நஞ்சு ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் அவித்தாலும் முழுக்கப் போகாது. கழுவிக் காயவைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அடைப்பதும் வைப்பதும்

சாப்பாட்டுச் சாமான் வந்த பரலைப் பார்த்து வாங்குங்கள். மருந்து, உரம் வந்த பரலை எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். 60 லீற்றர்ப் பரலில் 48 கிலோ அரிசியளவு பிடிக்கும், ஆக மூன்று பரல். விளிம்பு வரை நிரப்பித் தட்டித் தட்டி அடைய வேண்டும். மேலே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உள்ளே மெழுகுதிரி கொளுத்தி வைத்து மூடினால் காற்றுப் போய்விடும் என்பதை நானும் செய்து பார்த்தேன். திரி அணைந்த பிறகும் பூச்சிக்குப் போதுமான ஒட்சிசன் உள்ளே மிச்சம் இருக்கும். அது வீண் வேலை.

நிலத்தில் வைக்காமல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்குக் கிட்ட வேண்டாம், சூட்டில் எண்ணெய்ச் சத்தெல்லாம் காறும். வெள்ளம் வருகிற காணியென்றால் இன்னொரு விஷயம்: இறுக மூடிய அரிசிப் பரல் தண்ணீரில் மிதக்கும். அதனால் அரிசி தப்பும், ஆனால் பரல் அடுத்த ஊருக்குப் போய்விடும். தூணோடு கயிற்றால் கட்டுங்கள்.

பனையும் முருங்கையும்

கிழங்கு கிண்டுகிற காலத்தில் ஒடியலும் புழுக்கொடியலும் செய்யத் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் அடுப்பே இல்லாமல் கடிக்கக்கூடிய சாப்பாடு. இடம்பெயர்கிற பைக்குள் முதலில் போக வேண்டியது அதுவும் பனங்கட்டியும். ஒடியல் மாவை மட்டும் அப்படியே சமைக்காமல் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்துவிட்டுப் பாவியுங்கள்.

முருங்கையிலையை நிழலில் காயவைத்துத் தூளாக்கி இறுக்கி மூடுங்கள். வேப்பம்பூக் காலத்தில் வடகம் போடுங்கள். மோர்மிளகாய்க்கு மோர் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். உப்பும் தேசிப்புளியும் விட்டு ஊறவைத்துக் காயப்போட்டால் எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. எண்ணெயில் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காறாமல் நீண்ட நாள் நிற்கும்.

காய்ந்த தானியத்தில் விற்றமின் சி இல்லையென்றே சொல்லலாம். மழையில் சந்தை பூட்டியிருந்தால் பயறை முளைக்க விடுங்கள், இரண்டு மூன்று நாளில் அது வரும். தேசிக்காய் கிடைத்தால் பருப்பில் பிழிந்துகொள்ளுங்கள்; இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும்.

ஆனால் விற்றமின் பி12 எந்த இலையிலும் பயறிலும் நம்பும்படி இல்லை. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருசம் வரைகூட ஓடும். "நான் இரண்டு வருசமாகப் பால் குடிக்கவில்லை, ஒன்றும் ஆகவில்லையே" என்கிறவர்கள் அந்தச் சேமிப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தினமும் 10 மைக்கிரோகிராமளவு குளிசையாக வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சின்னப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். மூன்று மாதக் குளிசை ஒரு சின்னப் போத்தலுக்குள் அடங்கும், பரலைவிட முதலில் அதை வாங்குங்கள்.

புரட்டாதிச் சனியில் ஒத்திகை

எல்லாம் அடைத்தாயிற்றா? எப்படியும் விரதம் பிடிக்கிற புரட்டாதிச் சனிக்கிழமை ஒன்றில், கடைக்குப் போகாமல், கரண்டை நிறுத்திவிட்டு, இருப்பிலிருந்து மட்டும் மூன்று நேரமும் சமையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர் அளந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளத்தில் கிணறு கலங்கினால் அவ்வளவுதான் கையில் இருக்கும்.

போன வருசம் நாங்கள் செய்தபோது மிக்சி இல்லாமல் சம்பல் எப்படி என்று மகள் கேட்டாள். அம்மி கோடியில் கவிழ்ந்து கிடந்தது, அதைக் கழுவவே கால் வாளித் தண்ணீர் போயிற்று. கடலை இரவு முழுக்க ஊறியும் வேகவில்லை. இரண்டு வருசப் பழசு, திகதி எழுதி ஒட்டாமல் விட்டது என் பிழை. நாலு மணித்தியாலம் விறகு எரித்துவிட்டு இறக்கினேன். மிச்சம் கிடந்த காய்ந்த கடலையை அடுத்த நாள் வறுத்து இடித்துக் குரக்கன் மாவோடு சேர்த்தாயிற்று. சிட்டையில் "கடலை 2 கிலோ, புதுசு" என்று எழுதி, பக்கத்தில் "அப்பச்சோடா" என்றும் எழுதிக்கொண்டேன்.