கிளாட்சாப் கோட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் கிளாட்சாப் கோட்டை வாசலில் ஒரு நம்மூர்க் குடும்பத்தைப் பார்த்தேன். பெரியவர் மரச்சுவரைத் தட்டிப் பார்த்தார், உள்ளே ஒரு சுற்று சுற்றினார், வெளியே வந்து மகனிடம் "இவ்வளவுதானா?" என்றார். மகன் முகம் போன போக்கு எனக்கு ரொம்பப் பழக்கமானது. சில வருடங்களுக்கு முன் அதே இடத்தில் என் அப்பா அதே கேள்வியைக் கேட்டார்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், கொலம்பியா ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்தக் கோட்டை. மேற்கே பசிபிக் வரை வழி தேடிப்போன லூயிஸ், கிளார்க் குழுவினர் 1805 டிசம்பர் முதல் 1806 மார்ச் வரை இங்கே குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது என் வேலையாகிவிட்டது. குடை எடுங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

வெறுமனே 'லூயிஸ் அண்ட் கிளார்க்' என்று மேப்பில் தட்டுவது

போர்ட்லேண்டில் அந்தப் பெயரில் ஒரு கல்லூரியே இருக்கிறது. 'ஃபோர்ட் கிளாட்சாப்' என்று தட்டுங்கள்.

"டூப்ளிகேட்தானே" என்று முகம் சுளிப்பது

ஆமாம், டூப்ளிகேட்தான். அதுவும் இரண்டாவது டூப்ளிகேட். மூலக் கோட்டை ஈரத்தில் மக்கிப்போய்விட்டது. அது நின்ற சரியான இடத்தைக்கூட உறுதியாகக் காட்ட முடியவில்லை. கிளார்க் தன் குறிப்பேட்டின் எல்க் மான்தோல் அட்டையில் வரைந்த தரைப்படத்தைப் பார்த்து 1955இல் உள்ளூர்க்காரர்கள் ஒன்றைக் கட்டினார்கள். 200ஆம் ஆண்டு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, 2005 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, அது எரிந்துபோனது. இப்போது நிற்பது 2006இல் திறந்தது. 'ஒரிஜினல்' வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் வெளியே இறங்கி ஆற்றங்கரைக்குப் போகலாம். ஆறும் சேறும் அந்தக் காலத்தவைதான்.

கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புவது

இதை நினைத்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும், என் மேலேயே.

அப்பா செஞ்சி மலை ஏறியவர், வேலூர்க் கோட்டை அகழியைச் சுற்றி நடந்தவர். அவரிடம் போய் "கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன்" என்று சொன்னேன். முதல் கோணல் அங்கேயே. ஜூலை மாதம், நல்ல வெயில். நேராகக் கோட்டை. ஐம்பது அடிக்கு ஐம்பது அடி, எதிரெதிராக இரண்டு வரிசை மர அறைகள், நடுவில் ஒரு முற்றம். இருபது நிமிடத்தில் முடிந்தது. அஸ்டோரியாவில் காபி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். இன்றைக்கும் திண்டுக்கல்லில் யார் கேட்டாலும் அப்பா சொல்வது: "ரெண்டு மணி நேரம் கார்ல கூட்டிட்டுப் போயி ஒரு மாட்டுத் தொழுவத்தக் காட்டுனான்."

அவர் மேல் தப்பே இல்லை. அந்தக் கட்டடம் தனியாக நின்று எதையும் சொல்லாது. அவர்கள் பட்ட பாடெல்லாம் அதற்கு வெளியேதான் நடந்தது. கோட்டை கடைசியில் கிடைத்த கூரை, அவ்வளவுதான். ஆகவே கோட்டையை நடுவில் வைத்து ஒரு நாள் சுற்றாகப் போக வேண்டும்.

போர்ட்லேண்டிலிருந்து 30ஆம் நெடுஞ்சாலையில் அஸ்டோரியா வந்து, முதலில் கோட்டைக்குப் போகாமல் பாலம் ஏறி எதிர்க்கரைக்கு, அதாவது வாஷிங்டன் மாநிலத்துக்குப் போங்கள். நான்கு மைல் நீளப் பாலம். ஆறு எவ்வளவு அகலம் என்பது அப்போதுதான் உறைக்கும். அக்கரையில் டிஸ்மல் நிட்ச் என்று சாலையோர ஓய்விடம் ஒன்று உண்டு. 1805 நவம்பரில் புயல் அவர்களை அங்கே பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாள்கணக்கில் மாட்டிவைத்தது. உடுத்தியிருந்த தோலாடை உடம்பிலேயே இற்றுக்கொண்டிருந்தது. நவம்பர் 24ஆம் தேதி, குளிர்காலத்துக்கு எங்கே தங்குவது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். கிளார்க்கின் அடிமையான யார்க்கின் கருத்தும், குழுவோடு வந்த ஷொஷோனிப் பழங்குடிப் பெண் சகாகவியாவின் கருத்தும் எழுதிவைக்கப்பட்டன. அதன்பிறகுதான் தென்கரைக்கு வந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்தபின் பாலத்தில் திரும்பி வந்து கோட்டைக்குள் நுழையுங்கள். அப்போது அது தொழுவமாகத் தெரியாது. ஒரு கிரவுண்டைவிடச் சற்றே கூடுதலான இடத்தில், கைக்குழந்தையையும் சேர்த்து 33 பேர். எல்க் இறைச்சி ஈரத்தில் அழுகிக்கொண்டே இருந்தது. கிறிஸ்துமஸ் விருந்தே கெட்டுப்போன எல்க்தான். போதாக்குறைக்குத் தெள்ளுப்பூச்சி.

அப்புறம் 101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே சீசைட். அங்கே குடியிருப்பு வீடுகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லடுப்பு இருக்கும், தவறவிடாதீர்கள். உப்புக்காக ஆட்களை அனுப்பிக் கடல்நீரை இரவு பகலாகக் காய்ச்சிய இடத்தின் நினைவு அது. நாளுக்கு ஒரு காலன் உப்பு தேறினால் பெரிது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது லூயிஸின் கட்சி. கிளார்க்குக்கு உப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

கடைசியில் கேனன் பீச். 1806 ஜனவரியில் அங்கே ஒரு திமிங்கலம் கரை ஒதுங்கியது. இவ்வளவு தூரம் நடந்து வந்தும் கடலைக் காட்டவில்லையே என்று சகாகவியா மல்லுக்கட்டித்தான் அந்தப் பயணத்தில் சேர்ந்துகொண்டார். போய்ச் சேர்ந்தபோது திமிங்கலத்தில் எலும்புதான் மிச்சம். உள்ளூர் மக்களிடம் விலை கொடுத்து 300 பவுண்டு கொழுப்பு வாங்கி வந்தார்கள். அங்கிருந்து 26ஆம் நெடுஞ்சாலை உங்களை வீட்டில் கொண்டுவந்து விடும். அப்பாவுக்கு இந்தச் சுற்றைக் காட்டியிருக்க வேண்டும். விசா முடிந்து கிளம்பிவிட்டார், இனி இவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது என்கிறார்.

வெயில் நாளுக்காகக் காத்திருப்பது

அவர்கள் இருந்த 106 நாளில் மழை இல்லாத நாள் பன்னிரண்டே பன்னிரண்டு. கோடையில் போனால் பழைய உடையில் துப்பாக்கி சுட்டுக் காட்டுவார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும், சரி. ஆனால் ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் நான் ஜனவரியைத்தான் சொல்வேன். ஓலைக்கூரையடியில் நின்று மழை கேட்டவர்களுக்கு அந்த மரக்கூரைக்கு அடியில் விளக்கமே தேவைப்படாது.

தேசியப் பூங்கா பாஸை வாஷிங்டன் மாநிலப் பூங்காவில் நீட்டுவது

செல்லாது. அக்கரையில் இருக்கும் கேப் டிசப்பாயின்ட்மென்ட் மாநிலப் பூங்காவுக்குத் தனி பாஸ்.

கிளாட்சாப் யார் என்று கேட்காமலே வருவது

கோட்டைக்கு வைத்த பெயர் அந்த மண்ணின் மக்களுடையது. கிளம்பும்போது கோட்டையையும் மரச்சாமான்களையும் கிளாட்சாப் தலைவர் கோபவேயிடம் விட்டுச்சென்றார்கள். அதே வாரம் அவருடைய மக்களின் படகு ஒன்றைத் திருடியும் வைத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் நம் எல்க்கை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு இது சரியாய்ப் போயிற்று என்பது சமாதானம். 2011இல் கிளார்க்கின் வழித்தோன்றல்கள், அந்தத் திருட்டுக்கு ஈடாக, கிளாட்சாப்களின் உறவினமான சினூக் மக்களுக்கு ஒரு படகு செய்து கொடுத்தார்கள்.

இதைப் போனில் சொன்னபோதுதான் அப்பாவுக்கு முதல் முறையாக அந்த இடத்தின் மேல் அக்கறை வந்தது.

"வட்டி?" என்றார்.