பட்டை போட்ட அட்டவணை: என்த்-சைல்ட் எப்படி எண்ணுகிறது?

வலைப்பக்க அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் கையால் கிளாஸ் (நிறம் கொடுக்க நாம் ஒட்டும் பெயர்) ஒட்டி, ஒன்று விட்டு ஒன்றாக நிறம் கொடுத்தால், நடுவில் ஒரு வரிசை சேர்த்த அன்றே கீழே உள்ள அத்தனையும் கலைந்துவிடும். பக்கத்தின் ஒரு கூறை, அதாவது எலிமென்ட்டை, இருக்கும் இடத்தை வைத்தே பிடிக்கும் சிஎஸ்எஸ் சூடோ-கிளாஸ்கள் இதற்காகத்தான். என்த்-சைல்ட் அவற்றில் ஒன்று.

படி 1: தலைப்பு வரிசையை டிஹெட் என்ற டேக்குக்குள்ளும், எட்டுத் தரவு வரிசைகளை டிபாடி என்ற டேக்குக்குள்ளும் வையுங்கள். இதில் சோம்பல் வேண்டாம். இரண்டுமே இல்லாமல் எழுதினால் பிரவுசர் தானாகவே எல்லா வரிசைகளையும் ஒரே டிபாடிக்குள் போட்டுவிடும். தலைப்பு வரிசை 1 ஆகி, எண்ணிக்கை ஒன்று தள்ளிப்போகும்.

படி 2: ஸ்டைல்ஷீட்டில் இந்த செலக்டரை (எதற்கு நிறம் என்று சொல்லும் வரி) எழுதி, பின்னணிக்கு வெளிர் சாம்பல் கொடுங்கள்.

டிபாடி டிஆர்:என்த்-சைல்ட்(ஈவன்)

டிஆர் என்பது வரிசைக்கான டேக், ஈவன் என்றால் இரட்டை எண். 2, 4, 6, 8 ஆகிய வரிசைகள் நிறம் மாறும். மாறாக, நெடுக்கில் பட்டை விழுந்தால் கோலனுக்கு முன்னால் பாருங்கள், இடைவெளி இருக்கும். அந்த ஒரு இடைவெளியால் பொருளே மாறி, டிஆருக்கு உள்ளே இருக்கும் 2, 4ஆவது செல்கள் பிடிபடுகின்றன.

படி 3: ஈவன், ஆட் (ஒற்றை எண்) போதாதபோது சூத்திரம். அதில் 'என்' 0, 1, 2 என்று ஏறிக்கொண்டே போகும். எலிமென்ட்டுகளின் எண் 1இல் தொடங்கும். 3என்+1 என்றால் 1, 4, 7. என்+4 என்றால் நான்காவதிலிருந்து கடைசி வரை. -என்+3 என்றால் 3, 2, 1, அதன்பின் 0. பூஜ்யத்தில் எதுவும் இல்லை, ஆகவே முதல் மூன்று மட்டும். பிளஸ் குறியின் இருபுறமும் இடைவெளி விடலாம். 3க்கும் என்னுக்கும் நடுவே விட்டால் அந்த விதி முழுவதையும் பிரவுசர் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் வேறு. ஒரு பெட்டிக்குள் முதலில் ஹெச்2 என்ற தலைப்பு, அடுத்து பி டேக்கில் மூன்று பத்திகள் என்று வைத்துக்கொள்வோம். பி:ஃபர்ஸ்ட்-சைல்ட் என்று எழுதினால் எதுவும் நடக்காது. அது 'முதல் பத்தி எது' என்று தேடுவதில்லை. 'பெட்டியின் முதல் பிள்ளை பத்தியா' என்று பார்க்கிறது. முதல் பிள்ளை ஹெச்2. இங்கே தேவை ஃபர்ஸ்ட்-ஆஃப்-டைப். அதுவும் டேக்கை வைத்துத்தான் எண்ணும். கிளாஸைக் கணக்கில் எடுக்காது.

மறைத்த வரிசையும் எண்ணிக்கையில் உண்டு. ஹிட்டன் பண்பு வைத்து மூன்றாவது வரிசையை மறைத்தால் 2உம் 4உம் ஒட்டி நின்று ஒரே நிறத்தில் தெரியும். என்த்-சைல்டின் அடைப்புக்குள் 'ஈவன் ஆஃப் :நாட்([ஹிட்டன்])' என்று எழுதுங்கள். தெரியும் வரிசைகள் மட்டும் எண்ணப்படும். முன்னணி பிரவுசர்கள் அனைத்திலும் 2023 முதல் இது வேலை செய்கிறது.

கடைசியாக, தேர்ந்தெடுத்த வரிசைக்கு மஞ்சள் கொடுக்கும் 'தேர்வு' என்ற கிளாஸ். டிஆர்.தேர்வு என்று கீழே எழுதியும் இரட்டை வரிசைகளில் சாம்பலே நிற்கும். இரண்டு செலக்டர்கள் மோதினால் எடை கூடியதே வெல்லும். சூடோ-கிளாஸின் எடை ஒரு கிளாஸுக்குச் சமம். மேலே உள்ள செலக்டரில் டிபாடி என்ற ஒரு டேக் கூடுதல், அதனால் அது வெல்கிறது. எடையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, மஞ்சளை அந்த வரிசையின் செல்களுக்கு, அதாவது டிடிகளுக்குக் கொடுங்கள்: டிஆர்.தேர்வு டிடி. செல்லின் பின்னணி வரிசையின் பின்னணிக்கு மேலே வரையப்படுவதால் போட்டியே வராது.