லிட்டருக்கு ஆறு பைசா: மாசு வரி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுற்றுச்சூழல் பொருளாதாரம் படிக்க வருகிறவர்களின் கொள்கை வரைவுகளைத் திருத்துவது என் வேலை. நாங்கள் படிக்கிற காலத்தில் செய்த கோளாறுகளையே இவர்களும் செய்கிறார்கள். கூட்டல் பிழை, அலகைப் போட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை நாலு வரைவில் தானே சரியாகிவிடும்.

அளக்க வசதியானதற்கு வரி போடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு ஒரு மாணவர் வரித் திட்டம் எழுதிவந்தார். வெளியேறும் கழிவுநீர் லிட்டருக்கு இத்தனை பைசா. வரைபடமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. "தம்பி, பட்டறைக்காரர் துணி அலசுகிற தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிட்டார், போடுகிற உப்பைக் குறைக்கவில்லை. என்ன ஆகும்?" என்றேன்.

"வரி பாதியாகும் சார்."

"ஆற்றுக்குப் போகிற உப்பு?"

வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் கண்ணுக்குத் தெரிந்தது சாயம். நிலத்தையும் கிணற்றையும் பாழாக்கியது கரைந்த உப்பு. சாயத்தை அன்றைய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே ஓரளவு நீக்கின, உப்பு அப்படியே போனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமானது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று ஏறும் அபராதம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்காமல், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஆறு பைசா, கழிவை நிறுத்தக் கொடுத்த கெடு முடியும்வரை விதித்த தண்டம். நீதிமன்றத்தை நான் குறை சொல்லவில்லை. அதையே நிரந்தர வரிக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு வருகிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் உப்புள்ள 1 லட்சம் லிட்டர் என்றால் 600 கிலோ உப்பு. ஆறு பைசா வீதம் ரூ. 6,000. அதே 600 கிலோவை 50,000 லிட்டரில் அனுப்பினால் ரூ. 3,000தான்.

சரி, வரி வேண்டாம், வரம்பே போதும் என்பார்கள். கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. போர்வெல் தண்ணீரைக் கலந்து 3 லட்சம் லிட்டராக்கினால் லிட்டருக்கு 2,000 ஆகிவிடும். கலப்பது சட்டப்படி தப்புதான், ஆனால் குழாய் முனையில் மாதிரி எடுக்கிறவருக்கு அது தெரியாது. ஆற்றுக்கு அப்போதும் 600 கிலோதான் போகிறது. நீரின் அளவையும் உப்பின் செறிவையும் பெருக்கி, கிலோவுக்கு வரி போடாதவரை ஆட்டம் இப்படித்தான் நடக்கும்.

நிலக்கரிக்குப் போட்ட செஸ் என்ற கூடுதல் வரியிலும் இதே கதை. 2010இல் டன்னுக்கு ரூ. 50 என்று தொடங்கி 2016இல் ரூ. 400 ஆனது. கார்பனுக்கு அது ஓரளவு பொருந்தும். கந்தகத்துக்குப் பொருந்தாது. புகையிலிருந்து கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைத்த அனல் மின் நிலையமும் வைக்காத நிலையமும் டன்னுக்குக் கட்டியது ஒரே தொகை. பிறகு எவர் கருவி வாங்குவார்?

"கிலோவை அளக்கச் செலவாகுமே சார்" என்பது வழக்கமான பதில். ஆகும்தான். அதனால்தான் ஸ்வீடன் 1992இல் நைட்ரஜன் ஆக்சைடுக்குக் கிலோவுக்கு 40 குரோனா விதித்தபோது, பெரிய கொதிகலன்களில் மட்டும் தொடங்கியது. புகைபோக்கியிலேயே அளந்தார்கள். வசூலான பணத்தை, உற்பத்தியான ஆற்றலின் விகிதத்தில் அந்த ஆலைகளுக்கே திருப்பித் தந்தார்கள். ஒரு யூனிட் ஆற்றலுக்குக் குறைவாகப் புகைவிட்டவருக்கு லாபம். பெரிய முதலீடு இல்லாமல், எரிப்பைச் சீராக்கியே பல ஆலைகள் அளவைக் குறைத்தன. அளவுகோல் சரியாக இருந்ததால்தான் அந்தச் சின்னச் சின்ன வேலைகளுக்கும் பணம் கிடைத்தது.

வசூல் கூடினால் வெற்றி என்பது

வரி வேலை செய்தால் கழிவு குறையும், வசூலும் குறையும். அடுத்த தவறுக்குப் போவோம்.

பழைய அழுக்கையும் புது வரியையும் குழப்புவது

வரி நாளைய கழிவைக் குறைக்கும். நேற்று கொட்டியதை அள்ள வேறு பணம் வேண்டும்; கொட்டிய கம்பெனியே சில சமயம் இருக்காது. அமெரிக்காவில் 1980இல் வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் இதற்காக பெட்ரோலியத்துக்கும் ரசாயனங்களுக்கும் வரி போட்டது. 1995 இறுதியில் அந்த வரிகள் காலாவதியாகின. இருந்த நிதி கரையக் கரைய, சுமை பொதுமக்களின் வரிப்பணத்துக்கு மாறியது. ரசாயன வரி 2021 சட்டத்தால்தான் திரும்ப வந்தது, பெட்ரோலிய வரி 2022 சட்டத்தால்.

நம் ஊரில் 1996 வேலூர் தோல் ஆலைத் தீர்ப்பு, சேதத்தை மதிப்பிட்டு மாசுபடுத்தியவரிடமே வசூலிக்க ஒரு தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. அந்தப் பகுதி சரி. கூடவே ஆலை ஒன்றுக்கு ரூ. 10,000 என்று ஒரே அபராதம். பெரியதும் சிறியதும் அதே தொகை!

தொகையை நிலையாக வைப்பது

விலைவாசி தின்றுவிடும்.

பூஜ்யக் கழிவு என்று எழுதி முடித்துக்கொள்வது

பூஜ்யத்துக்கும், அதாவது கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டெடுப்பதற்கும், கரண்ட் பில் உண்டு. தண்ணீரை மீட்டபின் மிஞ்சும் கலவை உப்பு எந்தக் கொட்டகையில் கிடக்கும், யார் செலவில் என்று சொல்லாத வரைவைப் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.