எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பது எப்படி? நம் குடல் அதை எப்படிச் செய்கிறது?

மூடியுள்ள இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பாதிவரை தண்ணீர், அதன்மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய். ஒன்றில் மட்டும் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இரண்டையும் அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதலில் இரண்டுமே வெள்ளையாகக் கலங்கித்தான் தெரியும். ஆனால் சோப்பு இல்லாத பாட்டிலில் கொஞ்ச நேரத்திலேயே துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பெரிதாகி, மேலே ஏறி எண்ணெய் தனியாக மிதக்கும், மற்றது பால் மாதிரி நிற்கும். இதுதான் பால்மம்.

எண்ணெய் கரைந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள், பலரும் தடுமாறுவது இங்கேதான். சோப்பு மூலக்கூறின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் துளிக்குள் புதைய, தலை வெளியே நிற்க, துளியைச் சுற்றி ஒரு வேலி உருவாகிறது. துளியை உடைப்பது உங்கள் கை, அவை மறுபடி சேராமல் தடுப்பது சோப்பு.

மயோனைஸில் இந்த வேலை முட்டை மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினுடையது. ஆரம்பத்தில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடியுங்கள், மொத்தமாக ஊற்றினால் திரிந்துவிடும். திரிந்தாலும் கொட்ட வேண்டாம்: வேறு கிண்ணத்தில் புது மஞ்சள் கரு ஒன்றைப் போட்டு, திரிந்ததைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்தால் மறுபடி கூடிவரும்.

சரி, வயிற்றுக்கு வருவோம். கொழுப்பை வெட்டும் லைப்பேஸ் நொதி தண்ணீரில் இருக்கிறது, அதனால் கொழுப்புத் துளியின் மேற்பரப்பை மட்டுமே அதனால் தொட முடியும். 1 மி.மீ. விட்டமுள்ள ஒரு துளியை 1 மைக்ரான் (மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகளாக உடைத்தால் 100 கோடி துளிகள் கிடைக்கும், மேற்பரப்பு 1000 மடங்காகும். இரைப்பையும் குடலும் பிசைந்து உடைக்கின்றன. கல்லீரல் சுரந்து பித்தப்பை சேமித்து வைக்கும் பித்தநீர், சிறுகுடலின் தொடக்கத்தில் வந்து துளிகளுக்கு வேலி போடுகிறது. பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது, அது ஒரு கொழுப்பு மூலக்கூறைக்கூட வெட்டுவதில்லை. வெட்டுவது பெரும்பாலும் கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ்.

பித்தப்பையை எடுத்துவிட்டவர்களுக்கும் இது நிற்பதில்லை, கல்லீரலிலிருந்து பித்தநீர் நேராகக் குடலுக்குள் கசிந்துகொண்டிருக்கும். ஆனால் பித்தக் குழாயே அடைத்துக்கொண்டால் கொழுப்பு செரிக்காமல் மலத்தோடு போகும், அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் சரியாக உறிஞ்சப்படாது. மலம் வெளிறிப்போய் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.