பெரிய பேட்டரி நிலையத்தால் வரும் லாபத்தை நாமே கணக்கிடுவது எப்படி?

தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மின் விநியோக நிறுவனங்களின் கட்டண மனுக்கள் மீது கருத்துக் கேட்கும்போது, ஆர்.கே.புரம், மயூர் விஹார் போன்ற இடங்களில் நம் தமிழர்கள் பொறுப்பு வகிக்கும் குடியிருப்போர் சங்கங்களும் எழுதலாம். எழுதுவதற்கு முன், மின்சாரத்தைச் சேமித்து வைத்துத் தேவைப்படும்போது தரும் பேட்டரி நிலையம் நம் பில்லைக் கூட்டுமா குறைக்குமா என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் திறனையும் கொள்ளளவையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தெற்கு தில்லியின் கிலோக்கரியில் 2025-இல் இயங்கத் தொடங்கிய நிலையம் 20 மெகாவாட், 40 மெகாவாட் மணி கொண்டது. அதாவது முழுத் திறனில் இரண்டு மணி நேரம் மின்சாரம் தரும்.

அடுத்தது ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு. இந்தக் கணக்கை அவசரப்படாமல் போடுங்கள். இரண்டு மணி நேர பேட்டரிக்கு மெகாவாட்டுக்கு விநியோக நிறுவனம் மாதம் 2.2 லட்சம் ரூபாய் வாடகை தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 26.4 லட்சம் ஆகும். ஆண்டில் 95 சதவீத நாள்கள் தினம் ஒரு முறை முழுமையாகப் பயன்படுத்தினால், ஒரு மெகாவாட்டிலிருந்து தினம் 2,000 யூனிட் வீதம் சுமார் 6.93 லட்சம் யூனிட் கிடைக்கும். ஆக, யூனிட்டுக்கு வாடகை ஏறத்தாழ 3.80 ரூபாய். மூன்று ரூபாய்க்கு வாங்கிய பகல்நேர சூரிய மின்சாரத்தில், பேட்டரியில் ஏற்றி எடுக்கும்போது 15 சதவீதம் இழப்பானால் அதன் விலை 3.53 ரூபாயாகிறது. இரண்டும் சேர்ந்து 7.33 ரூபாய். மின்சந்தையில் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடும் இரவுகளில் இது தெளிவான லாபம். ஐந்து ரூபாய்க்கு மின்சாரம் கிடைக்கும் இரவில் நஷ்டம். தினம் இருமுறை பயன்படுத்தினால் யூனிட்டுக்கான வாடகை பாதியாகும் என்பதால், எத்தனை முறை என்ற கேள்வியே இக்கணக்கின் உயிர்நாடி. 2022-இல் இந்திய சூரிய ஆற்றல் கழகத்தின் டெண்டரில் இதே வாடகை 10.84 லட்சமாக இருந்தது. அந்த விலையில் தினம் ஒரு முறை மட்டும் பயன்படுத்தினால் வாடகையே யூனிட்டுக்குப் பதினெட்டு ரூபாயைத் தாண்டிவிடும்.

அதன்பின் தள்ளிப்போடப்படும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 19 அன்று தில்லியின் தேவை 8,656 மெகாவாட்டை எட்டியது. அத்தகைய உச்சம் ஆண்டில் சில நாள்களில், சில மணி நேரமே நீடிக்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்காகப் பெரிய டிரான்ஸ்பார்மரும் புதிய கேபிளும் போடுவதைவிட, துணைமின் நிலையத்திலேயே பேட்டரியை வைத்து அம்முதலீட்டைச் சில ஆண்டுகள் ஒத்திவைப்பது, இடமும் நிலமும் அரிதான தெற்கு தில்லிக்கு, என் கருத்தில், விலை வித்தியாசத்தைவிடப் பெரிய ஆதாயம்.

ஒரே யூனிட்டை இருமுறை எண்ணிவிடாதீர்கள்: மின்கட்டமைப்பின் அலைவெண்ணைச் சீராக்க ஒதுக்கிய மின்சாரத்தை அதே நேரத்தில் இரவுச் சந்தைக்கும் கணக்கு வைக்கக் கூடாது. ஆண்டுதோறும் பேட்டரியின் கொள்ளளவு சற்றுக் குறைவதையும் கழியுங்கள்.

கொள்முதல் செலவு கூடினால் அது பி.பி.ஏ.சி. (மின்கொள்முதல் செலவு சரிக்கட்டல்) என்ற கூடுதல் கட்டணமாக நம் பில்லுக்கே வருகிறது. எனவே ஆணையத்துக்கு எழுதும் கருத்துரையில், மே, ஜூன் மாதங்களில் ஒவ்வொரு 15 நிமிடத்திலும் பேட்டரி எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு கொடுத்தது, அந்நேரச் சந்தை விலை என்ன என்ற அட்டவணையைக் கேளுங்கள்.